முகம் மட்டும் மாற்றிய படிவம்

அன்பு மருமகன் எஸ்கில்டுக்கு, கோபன்ஹேகனிலிருந்து உன் தாய்மாமன் பிரெபென் வாழ்த்தி எழுதுவது. ஓர்ஹூஸில் நீயும் உன் கணினியும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் உன் மாமி இங்கெரும், உன் புண்ணியத்தில், தோட்டம் பறிபோகும் நிலையில் சௌக்கியமாக இருக்கிறோம்.

ஆளுக்கொரு துண்டு நிலம் குத்தகைக்குத் தரும் எங்கள் தோட்டச் சங்கத்தின் இணையப் படிவம் இத்தனை வருஷமும் அவலட்சணமாகத்தான் இருந்தது. மேலே கேள்வி, கீழே கட்டம், அவ்வளவுதான். ஆனால் வேலை செய்தது. "என் அக்கா பையன் இதையே தொழிலா பண்றான், அழகா பண்ணித் தருவான்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்ன என் வாயைத் தைக்க வேண்டும். நீ என்ன சொன்னாய்? "மாமா, பின்னாடி அதே பழைய படிவம்தான். முன்னாடி முகத்தை மட்டும் மாத்தறேன்." மாற்றினாய், ராசா. சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து. எண்ணை எழுதக் கட்டமில்லை, விரலால் தள்ள ஒரு கோடு. எழுபதைத் தாண்டிய விரல் அதில் நிற்க வேண்டிய இடத்தில் லேசில் நிற்பதில்லை. அனுப்பி முடித்ததும் ஒரு முள்ளெலி வந்து கை தட்டுகிறது. எதற்குடா கை தட்டுகிறது?

அதோடு விட்டாயா? பார்வைக்கு நன்றாயிருக்கும் என்று கேள்விகளை மேலும் கீழும் நகர்த்தினாய். பின்னால் இருக்கும் படிவத்துக்கு அதைச் சொல்லவில்லை. செடிவேலி எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பதற்கு நாங்கள் கொடுத்த பதில், நடுக்கோடை நெருப்பு விருந்துக்கு எத்தனை பேர் என்ற இடத்தில் போய் விழுந்தது. விருந்தாளிக் கணக்கு வேலியின் உயரமாயிற்று. நானும் இங்கெரும் நூற்றுநாற்பது பேராகிவிட்டோம், எங்கள் வேலி இரண்டு சென்டிமீட்டர். சங்கத்தில் எல்லோருக்கும் இதே கதி. இறைச்சி உருண்டை போடும் கடைக்காரர் தலைவி யூட்டேயைக் கூப்பிட்டு, "ஏம்மா, பட்டாளத்துக்கா சமைக்கணும்?" என்று கேட்டாராம். வேலியை வெட்டி நாசமாக்கியதாக எல்லாத் தோட்டங்களுக்கும் எச்சரிக்கை போனது.

யூட்டேயைக் கையோடு கூட்டிவந்து, என் தோளுயர வேலியின் முன் நிறுத்தினேன். "பாக்குறேன் பிரெபென், நல்ல வேலி" என்றார் அம்மையார். "ஆனா நீங்களே ரெண்டுன்னு குடுத்திருக்கீங்களே. படிவத்துல இருக்கிறதுதான் செல்லும்னு தீர்மானம் போட்டாச்சு." பக்கத்துத் தோட்டத்து மோன்ஸ், முப்பது வருஷமாக என்னோடு பியர் குடித்தவன், வேலிக்கு மேலாகவே, "மருமவனைக் கொண்டுவந்தது நீ. நீ காலி பண்ணு, எல்லாம் சரியாப் போயிடும்" என்றான். இது உனக்குத் தெரியட்டும்: வீட்டுக்குள் போய் அழுதேன். நாளை என்னை வெளியேற்ற வாக்கெடுப்பு, அதுவும் நீ செய்த அதே இணையப் பக்கத்திலேயே. இதைப் படித்த கையோடு உன் முள்ளெலியையும் தள்ளுகிற கோட்டையும் அள்ளிக்கொண்டு போ. பழைய அவலட்சணத்தைத் திருப்பிக் கொடு.

உனக்கு நல்ல புத்தியும், உன் அம்மாவுக்கு உன்னைப் பொறுத்துக்கொள்ளும் தெம்பும் கிடைக்கட்டும். அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மாமா பிரெபென்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. எஸ்கில்ட் கண்ணா, எதையும் தொடாதே. 'இருக்கட்டும்', 'போகட்டும்' என்ற பொத்தான்களையும் இடம் மாற்றி அழகு பார்த்திருக்கிறாய் போல. நான் இருந்தே ஆகவேண்டும் என்று சங்கமே சொல்லிவிட்டது, தீர்மானப்படி அது செல்லும். தோட்டத்துக்கு ஒரு ஓட்டு. நான் வெளியேற வேண்டும் என்று பதிவானது ஒன்றே ஒன்று. அது நான் போட்டது.