விளக்கடித்துச் சூடு பார்ப்பவர்

எதையும் இருக்கிறபடி இருக்க விடாத ஒரு வகை மனிதர் உண்டு. அவருக்குச் சூடு பார்ப்பவர் என்று பெயர் வைப்போம். டாக்டரைச் சொல்லவில்லை, டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆளை விட்டுவிடுவார்.

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க்கில் வசிக்கும் முனைவர் டாரியஸ் இந்த வகையில் முதல் தரம். தொழிலே அதுதான். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு சன்னமான ஒளிரும் துகள்களை உயிரணுவுக்குள் அனுப்பி, மேலே லேசர் அடித்து, அவை மினுங்கும் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போட்டு, உள்ளே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். ஆறு மாதமாக ஒரே விடை: புற்றுநோய் உயிரணுவுக்குள் வெளியைவிட இரண்டு டிகிரி சூடு அதிகம். வெள்ளிக்கிழமை நிபுணர் குழுவின் முன் இதை நிரூபித்தால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்கு.

புதன் மாலை சிராங்கூன் சாலை உணவகத்தில் அவர் மனைவி ஜெனிவீவ் பேசாமல் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தார். சும்மா இருப்பாரா நம் ஆள்?

"கோபமா?"

"இல்லலா."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"பசிக்குதுங்க."

"இல்ல, ஏதோ இருக்கு. கோபம்தானே?"

ஐந்தாவது முறை கேட்டதும் ஜெனிவீவ் தட்டைத் தள்ளினார். "ஆமா, கோபந்தான். போதுமா?"

"பாத்தியா, நான் அப்பவே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் டாரியஸ். என்ன ஒரு பெருமை அந்த முகத்தில்.

மறுநாள் ஆய்வகத்தில் உடன் வேலை செய்யும் நூர்தீன் லேசரைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு டிகிரி ஒன்றானது. மறுபடி குறைத்தார். அரை.

"உயிரணு சூடா இல்ல பாஸ். நம்ம லைட்டுதான் அத சுட வைக்குது."

ஆறு மாதமாக அளந்தது தம் விளக்கின் சூட்டைத்தான். டாரியஸுக்கு அழுகையே வந்துவிட்டது, பாவம்.

வெள்ளிக்கிழமை அதை மறைக்காமல் சொன்னார். குழுவில் பாதிப் பேர் தத்தம் விளக்கை நினைத்து வேர்த்தார்கள். அவற்றையும் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டுமே, அதனால் வேலை நீடித்தது. செய்தி கேட்டு ஜெனிவீவ் சிரித்தார்.

"சந்தோஷமா?" என்றார் டாரியஸ்.

"ரொம்ப."

"நெஜமாவா? முகம் அப்படித் தெரியலையே?"

சிரிப்பு நின்றது.

நீங்கள் இதைப் படித்த கையோடு பக்கத்தில் இருப்பவரிடம், "நானும் இப்படியா?" என்று கேட்பீர்கள். "சேச்சே, இல்லை" என்பார். அதோடு விட்டுவிடுங்கள். "மறைக்காமல் சொல்" என்று இன்னும் நாலு தடவை கேட்டால், ஆமாம் என்றுதான் பதில் வரும். அப்போது அது உண்மையாகவும் இருக்கும்.