ஏறும் என்றால் எவ்வளவு?

ஏழாவது வீட்டிலும் டயானாவின் டேப்லெட் சிவப்பு காட்டியது.

கருத்துக்கணிப்பில் கேள்வி ஒன்றுதான். அடுத்த வருஷம் விலைவாசி எவ்வளவு ஏறும் என்று நினைக்கிறீர்கள்? விழுப்புரத்தின் அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே குரலில் "டபுளா ஏறும்" என்றார்கள். நூறு சதவீதம் என்று போட்டால், நம்பும்படியாக இல்லை என்று டேப்லெட் தள்ளிவிடுகிறது. சாயங்காலத்துக்குள் இருபது வீடு பச்சையாகாவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் கோகுலகிருஷ்ணன் சொல்லியிருந்தார்.

அவருக்கே போன் போட்டாள்.

"எதுக்குக் கேக்குறோம்னு வெளக்கிச் சொல்லு. யோசிச்சு பதில் சொல்லுவாங்க."

எட்டாவது வீட்டில் விளக்கினாள். "அண்ணே, ஜனங்க மனசுல என்ன இருக்குன்னு பாத்துக்கினுதான் ரிசர்வ் வங்கி வட்டிய ஏத்துறதா எறக்குறதான்னு யோசிக்கும்."

வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்த சின்னதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "விலை ஏறும்னு சொன்னா வட்டியும் ஏறுமா? அப்ப எறங்கும்னு போடும்மா. பாதிக்குப் பாதி."

சிவப்பு.

பத்தே நிமிடத்தில் தெருவின் கடன்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் தக்காளியைச் சும்மாவே தருவான் என்று ஒருவர் சத்தியம் செய்தார்.

"வட்டி எறங்கினா டெபாசிட்டுக்கும் எறங்கும்ங்க" என்று டயானா சமாளிக்கப் பார்த்தாள்.

எதிர்வீட்டு கேட் திறந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அந்தோணிமேரி. சேமிப்பு முழுக்க வங்கியில். "எனக்கு முந்நூறு போடும்மா."

"முந்நூறு சதவீதமா டீச்சர்?"

"கணக்கு டீச்சர் சொல்றேன், போடு."

"எங்க வயித்துல அடிக்காதீங்க டீச்சர்" என்றார் சின்னதுரை.

"நீ கடன் வாங்கி மாடி கட்டுவ. நான் மாத்திரைக்கு எங்க போறது?"

தெரு இரண்டு கட்சியானது. போகிற ஷேர் ஆட்டோவை மறித்து உள்ளே இருந்தவர்களிடமும் ஆதரவு கேட்டார்கள்.

டயானாவுக்குத் தலை சுற்றியது. "வட்டிய விடுங்க. நெசமாவே விலை ஏறப்போவுதுன்னா இன்னிக்கு என்ன பண்ணுவீங்க? அத மட்டும் சொல்லுங்க."

டீச்சர் கேட்டைப் பிடித்தபடி விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"மல்லாட்டை எண்ணெய் வாங்கி வெச்சிக்குவேன்" என்றார் டீச்சர், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்தார். கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தார். அதைப் பார்த்த சின்னதுரை செருப்புகூடப் போடாமல் ஓடினார். தெரு முழுக்க அவர் பின்னால் ஓடியது.

அரைமணி நேரத்தில் கடலை எண்ணெயால் கனத்த பைகளும் கடுத்த முகங்களுமாகத் திரும்பினார்கள்.

"இருநூறு ரூபா எண்ணெய இருநூத்தி இருவதுன்னுட்டான். பத்து சதவீதம் ஏறும், எழுதிக்கம்மா" என்றார் டீச்சர்.

"எனக்கும் அதே பத்து" என்றார் சின்னதுரை.

பச்சை. அடுத்ததும் பச்சை. இருபதும் பச்சை.

"இவ்ளோ ஒத்துமையான தெருவ நான் பாத்ததே இல்ல. வேலை உனக்குத்தாம்மா" என்று போனில் உருகினார் கோகுலகிருஷ்ணன்.

காற்றில் மிதந்தபடி தெருமுனை மளிகைக்கடைக்கு வந்து டயானா ஒரு சோடா கேட்டாள். காலியான அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் நெடுஞ்செழியன், சோடாவைத் தானே உடைத்துக் கொடுத்தார். நீட்டிய காசை வாங்கவில்லை.

"ஆறு மாசமா ஒத்த ரூபா ஏத்த முடியாம பேஜாரா கெடந்தேன்மா. திண்டிவனத்துல என் மச்சானும் கடை வெச்சிக்கினு இருக்கான்; நாளைக்கு அங்க போயும் இந்தக் கேள்வியக் கொஞ்சம் கேட்டுட்டு வாங்க."