ஹீட் பம்ப் மலையேறிய கதை

இந்தக் குளிர்காலத்தில் ஹீட் பம்பை மாற்றுவதில்லை என்று சபதம் எடுத்தேன். போனால் பம்பின் உயிர் போகட்டும், என் சொல் போகக்கூடாது.

நாங்கள் இருப்பது நார்வேயில், ஹாமார் ஊரில். பம்புக்குப் பதினாறு வயது. வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற குளிரிலும், அந்தக் காற்றிலிருந்தே சூட்டைக் கறந்து வீட்டுக்குள் ஊதிய உத்தமப் பெட்டி. இப்போது கொஞ்சம் முனகுகிறது. வெளிப்பெட்டியில் பனி கட்டுகிறது. கரண்ட் பில் ஏறுகிறது, சூடு இறங்குகிறது. வயதானால் யாருக்குத்தான் இதெல்லாம் இல்லை? இன்றைக்குப் பம்பை மாற்றினால் நாளைக்கு இந்த வீட்டில் யாரை மாற்றுவார்கள் என்ற பயமும் எனக்கு உண்டு.

என் மனைவி இங்குன் மூன்று கம்பளிச் சட்டைகளுக்குள்ளிருந்து பேசினாள்.

"என்னங்க, மெக்கானிக் வந்து பார்த்தாரு. கம்ப்ரஸர் தேஞ்சு போச்சாம். அந்தப் பார்ட்டை இப்ப யாரும் செய்யறதே இல்லையாம். ரிப்பேருக்குக் கொட்டுறதைப் புதுசுல போடுங்கன்னாரு."

"புதுசு விக்கிறவன் வேற எப்படிச் சொல்லுவான்? பம்ப் கல்லு மாதிரி இருக்கு!"

"கல்லு மாதிரிதான் இருக்கு. ஜில்லுன்னு."

"குளிர்ல குத்தமே கிடையாது, போட்டிருக்கிற துணியிலதான் குத்தம்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"அது வெளிய போறதுக்குச் சொன்னது. சோபாவுல உக்கார்றதுக்கு இல்லை."

பிறகு அவள் பம்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு மாலை, கேட்காமலே சுடச்சுட வாஃபிள், மேலே பழுப்புச் சீஸோடு வந்தது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. அது நல்ல பம்ப். தூக்கி எறியறது பாவம்."

அந்தக் குளிரிலும் எனக்கு உச்சி குளிர்ந்தது.

"பேசாம நம்ம மலைக்குடிலுக்குக் கொண்டுபோயிடலாமா?"

எங்கள் ஊரில், லீவுக்குப் போய்த் தங்க ஒரு மலைக்குடில் இல்லாதவன் பாதி மனிதன். உடைந்த சோபா, வாய் போன பீங்கான், மாமனாரின் ரேடியோ எல்லாம் அங்கேதான் போகும். அது குப்பை இல்லை, பதவி உயர்வு. எப்படி மறுப்பேன்? 'நல்ல பம்ப்' என்று தொண்டை கிழியக் கத்தியவன் நானாயிற்றே!

ஆனால் என் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. எங்கள் குடிலில் கரண்ட் கிடையாது. ஓடைத் தண்ணீர், மெழுகுவர்த்தி, விறகடுப்பு. அந்தக் கஷ்டத்தை வைத்துத்தான் ஊரில் இத்தனை வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

"கரண்ட் இல்லாம எப்படிம்மா ஓடும் பம்ப்?"

"அட, ஆமால்ல? அப்ப இழுத்துடுவோம். உங்க பம்புக்காகத்தாங்க. எனக்கு மெழுகுவத்தியே போதும்."

மலையில் கம்பம் நட்டார்கள். பம்ப் மலையேறியது. வீட்டில் காலியான சுவரில் புதுப் பம்ப் வந்து உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் சுடச்சுட ஊதியது. எனக்கு அவமானத்தில் வியர்த்தது.

பக்கத்துக் குடில் ஓட்வார் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "என்ன ஹால்வார், கரண்ட்டா? அடுத்து டிவியா?"

"எல்லாம் பம்புக்காகடா" என்றேன். அவன் சிரித்ததில் மரத்துப் பனி உதிர்ந்தது.

இனி என் மானம் அந்தப் பழைய பெட்டியின் கையில். சனிக்கிழமை, குடிலில் சுவிட்சைப் போட்டேன். ஒருமுறை முனகியது. ஒரு சொட்டுத் தண்ணீர் துப்பியது. அடங்கிவிட்டது. தட்டினேன், தடவினேன், கெஞ்சினேன். அசையவில்லை.

இங்குன் பின்னலிலிருந்து தலை நிமிரவில்லை. "போயிடுச்சா?"

"போயிடுச்சு" என்றேன். சட்டென்று எனக்குத் தெம்பு வந்தது. "பார்த்தியா? கரண்ட் இழுத்ததெல்லாம் வீணாப்போச்சு. கொண்டா அந்த மெழுகுவத்தியை!"

"வீணெல்லாம் ஆகாதுங்க. புதுசுக்குக் கடையில சொல்றப்பவே ரெண்டாத்தான் சொன்னேன்."