எதிர்க்கோட்டருகே ஒரு பச்சைத் தொப்பி

முதலில் அந்தப் பெண்மணி கண்ணில் பட்டது ஹொரைசன் லீக் ஆட்டத்திலா, சம்மிட் லீக் ஆட்டத்திலா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. கேன்சஸ் சிட்டி புறநகரில் அந்த வருஷம் சிறுமியர் கால்பந்து கிளப்புகள் லீக் விட்டு லீக் தாவிய வேகத்தில், தங்கள் சட்டையில் எந்தச் சின்னம் இருக்கிறது என்று கோச்சுகளே குனிந்து பார்த்துக்கொண்டார்கள். ஹொரைசன் என்றே வைத்துக்கொள்வோம்.

வெண்டல் கோஸ்டெல்னிக் மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டார்லீன், அங்க பாருங்க. பச்சைத் தொப்பி. யாரோட அம்மா அது?"

பெற்றோர் யாரும் நிற்காத எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண்மணி தனியாக நின்றுகொண்டிருந்தாள். கையில் காப்பி இல்லை. யார் பெயரையும் சொல்லிக் கத்தவில்லை.

டார்லீன், கோல்கீப்பரின் அம்மா. அவளுக்குத் தெரியாத விஷயம் அந்த ஊரில் கிடையாது. தெரிந்ததில் பாதி தப்பு.

"நம்ம டீம் அம்மா இல்ல, எதிர் டீம் அம்மாவும் இல்ல. காலேஜ் கோச்சுதான், வேற யாரு? ஆள் எடுக்க வந்திருக்கா."

வெண்டல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். கராஜ் கதவு விற்கும் அவருக்கு ஒரே கனவுதான்: பதினாலு வயசு மகள் பிரிட்டா கல்லூரி அணிக்குக் கால்பந்து ஆட வேண்டும். அதற்கு ஒரே பாதை நாங்கள்தான் என்றது ஹொரைசன். ஒரே பாதை நாங்கள்தான் என்றது சம்மிட்டும். இரண்டும் பளபளப்பாக விளம்பரப் புத்தகம் போட்டிருந்தன; இரண்டின் அட்டையிலும் பந்தை உதைத்துக்கொண்டிருந்தவள் ஒரே பெண்.

இடைவேளையில் காப்பிக் கோப்பையோடு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

"குட் மார்னிங்! நான் வெண்டல். ஏழாம் நம்பர் நம்ம பொண்ணுதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மௌனத்தில் காப்பியே ஆறிவிட்டது.

திரும்பி ஓடிவந்தார். "ஒரு வார்த்தை பேசல, டார்லீன்!"

"எப்படிப் பேசுவா? இந்த வயசுப் பிள்ளைங்க வீட்டாளுங்களோட காலேஜ் கோச் பேசக்கூடாதுன்னு ரூல் இருக்கே."

"அப்போ பேசாம இருக்கறதே..."

"அதான் அத்தாட்சி."

இரண்டாம் பாதியில் பிரிட்டா ஒரு கோல் போட்டாள். பெற்றோர் பக்கமாகக் கோட்டு நடுவராகக் கொடி பிடித்து ஓடிய பதினாறு வயசுப் பெண், ஆஃப்சைடு, கோல் செல்லாது என்று கொடியைத் தூக்கினாள்.

"ஏம்மா! கண்ணை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்தியா?" வெண்டல் எழுந்துவிட்டார். "அந்தக் கொடியை எடுத்துட்டுப் போய் ஜன்னலைத் துடை, போ!"

எதிர்ப்பக்கத்திலிருந்து பச்சைத் தொப்பி அவரையே இமைக்காமல் பார்த்தாள்.

"பார்த்தீங்களா? என்னையே பாக்கறா! இந்தக் குடும்பத்துல எவ்வளவு வெறி இருக்குன்னு எடை போடறா."

அடுத்த ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் வெறி காட்டினார். அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவள் வரவில்லை.

"சம்மிட் ஆட்டத்துல நிக்கறாளாம்," என்றாள் டார்லீன்.

அன்று சாப்பாட்டு மேஜையில் வெண்டல் அறிவித்தார். "நாம சம்மிட்டுக்கு மாறறோம்."

பிரிட்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, சம்மிட்ல சேர்ந்தா ஸ்கூல் டீம்ல ஆட விடமாட்டாங்க. என் ஃப்ரெண்டு ஒடெஸாகூட நான் ஆடறது அங்க மட்டும்தான்."

"ஸ்கூல் டீமை எவன் வந்து பாக்கறான்?"

"யாராவது பாக்கணும்னா நான் ஆடறேன்?"

மனைவி கொரின் குறுக்கிட்டாள். "ஏங்க, அந்தப் பொம்பளை எந்த காலேஜுன்னாவது தெரியுமா?"

"கேக்கக்கூடாதுங்கறதுதானே ரூலே!"

சம்மிட் கிளப் ஒரு மணி நேரக் கார்ப்பயணத் தொலைவில் இருந்தது. கோச் டெக்லன் இங்கிலாந்துக்காரர். அந்த உச்சரிப்பில் அவர் எதைச் சொன்னாலும் உலகக் கோப்பைக்கு வழி சொல்வது போலவே கேட்கும். பிரிட்டாவிடம் அவர் சொன்னது, "பெஞ்சுல உட்காரு."

ஆனால் முதல் ஆட்டத்திலேயே பச்சைத் தொப்பி இருந்தாள்! வெண்டலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் ஆடாவிட்டால் என்ன, குடும்பம் ஆடலாமே. அங்கேயும் ஒரு பெண் கொடி பிடித்து ஓடினாள். வெண்டல் அவளையும் விட்டுவைக்கவில்லை. பச்சைத் தொப்பி அவரை நெடுநேரம் பார்த்தாள்.

"அடையாளம் தெரிஞ்சுக்கிட்டா," என்றார் கொரினிடம்.

"யாருக்குத்தான் தெரியாது? பக்கத்து மைதானத்துலயே திரும்பிப் பார்த்தாங்க."

மூன்று வாரம் கழித்து அவளைக் காணோம். டார்லீன் போன் செய்தாள். "வெண்டல், அவ மறுபடியும் இங்க வந்துட்டா."

வெண்டல் ஹொரைசனுக்கே திரும்பினார். பிரிட்டாவின் இடத்தில் சம்மிட்டிலிருந்து வந்த ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவும் பச்சைத் தொப்பியைத் துரத்தி வந்தவர்தான். பிரிட்டாவுக்குக் கிடைத்தது இரண்டாம் அணி. சரக்கு ரயில் பாதையை ஒட்டிய, வாத்துகள் மேய்கிற மைதானம். விடிந்தும் விடியாத நேரத்தில் ஆட்டம். பள்ளி அணியும் அவளில்லாமல் நிரம்பிவிட்டிருந்தது.

 பிரிட்டா காரில் ஏறினாள், இறங்கினாள். பந்து வந்தால் உதைத்தாள், வராவிட்டால் ரயிலைப் பார்த்தாள். வண்டி ஓட்டிக்கொண்டே வெண்டல் இரண்டு தரம் பேச்சை ஆரம்பித்தார். பதிலில்லை. அந்த மௌனத்துக்கு எந்த ரூலும் காரணமில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை, தூறலில், எதிர்க்கோட்டருகே பச்சைத் தொப்பி தெரிந்தது.

"கொரின்! இந்தப் பொட்டல்ல, இரண்டாம் டீம் ஆட்டத்துக்கு! நம்மளைத் தேடியே வந்துட்டா!"

"சத்தம் போடாம உட்காருங்க."

உட்காரவில்லை. கொடி ஒவ்வொரு முறை உயர்ந்தபோதும் வெண்டலின் குரல் அதைவிட உயர்ந்தது. வாத்துகள் இடம் மாறின. பிரிட்டா இடுப்பில் கைவைத்து, தலையைக் குனிந்து நின்றாள்.

இறுதி விசில் அடித்தது. பச்சைத் தொப்பி கோட்டைத் தாண்டினாள். மைதானத்தின் குறுக்கே நேராக அவரை நோக்கி நடந்துவந்தாள்.

"ரூலை மீறி வர்றா, கொரின்!" வெண்டல் சட்டையை இழுத்துவிட்டுக் கையை நீட்டினார். "மேடம், பேச வேண்டாம். எனக்குப் புரியுது."

அவள் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றாள். வாயைத் திறந்தாள். அவ்வளவு நாள் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் வாய்வரை வந்துவிட்டது தெரிந்தது.

பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் இரண்டு லீக்கும் இணைந்து ஒன்றாயின. மற்றதுதான் நம்மிடம் வந்து சேர்ந்தது என்று இரண்டும் சொல்லிக்கொண்டன. டெக்லன் இப்போது வேறு ஊரில் வேறு பாதை காட்டுகிறார். டார்லீனின் மகள் நீச்சலுக்குப் போய்விட்டாள். பிரிட்டா மறு வருஷம் பள்ளி அணியில் ஒடெஸாவோடு ஆடினாள். எந்தக் கல்லூரியும் அவளைப் பார்க்க வரவில்லை, அவளும் தேடவில்லை. வெண்டல் இன்றும் எல்லா ஆட்டத்துக்கும் போகிறார். வாயில் ஒரு லாலிபாப் இருக்கும்; ஆட்டம் முடியும்வரை அதை எடுப்பதில்லை.

அதற்குக் காரணம், அன்று அந்தக் கொடிப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, பச்சைத் தொப்பியின் முழங்கையைப் பற்றி இழுத்துக்கொண்டு சொன்னதுதான்:

"விடும்மா, வீட்டுக்குப் போலாம். நான் எந்த லீக்ல கொடி பிடிக்கப் போனாலும் இந்த ஆளு என்னைத் திட்டறதுக்குன்னே பின்னாடியே வந்துடறாரு!"