முகம் அழிந்தவர்களின் வாளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீங்களும் மகளும் சௌக்கியமாக இருந்தால் அதுவே போதும்.

நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து, குடியிருப்புக்காரர்கள் பெட்டி பெட்டியாகப் போட்டு வைத்திருந்த புகைப்படங்கள் ஒரே ஈரக் குவியலாகிவிட்டன. சங்கச் செயலாளராக இருக்கும் பாவத்துக்கு, முகங்களை அடையாளம் பார்த்து வீடு வீடாகப் பிரித்து யாருக்கு எத்தனை மிஞ்சியது என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நீங்கள் வேலை பார்க்கும் டேட்டாபேஸ் தினமும் இப்படிப் பிரித்து எண்ணத்தானே செய்கிறது என்று உங்களுக்குப் போன் செய்தேன். "ரெண்டு வழி இருக்கு மாமா. எல்லாத்தையும் வீட்டு நம்பர் வரிசையில அடுக்கிட்டா ஒரே வீட்டுது பக்கத்துல பக்கத்துல வந்துடும், நம்பர் மாறுற வரைக்கும் எண்ணினாப் போதும். இல்லன்னா நம்பரோட ஒவ்வொரு கடைசி இலக்கத்துக்கும் ஒரு வாளி வச்சு, வர வரப் போட்டு எண்ணிக்கிட்டே போங்க" என்றீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதலில் வரிசை. நடைகூடம் முழுக்கப் பரப்பினேன், கடைசிப் படம் அதன் இடத்துக்கு வரும்வரை யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது, எல்லோரும் கைக்குட்டையும் கையுமாக நிற்கிறார்கள், அதற்குள் மூன்றாம் மாடி ஓவியர் அழுதுகொண்டே வாசற்கதவைத் திறக்க, காற்று வந்து வரிசையை வாரிக்கொண்டு போனது. சரி, வாளி என்று இறங்கினால் பன்னிரண்டும் இருபத்திரண்டும் ஒரே வாளியில் விழுந்தன. விவாகரத்தாகி மேலும் கீழுமாக வசிக்கும் தம்பதி, மாப்பிள்ளை! "வாளிக்குள்ள முழு நம்பரையும் பாத்துத் திரும்பப் பிரிங்க மாமா" என்றீர்கள். கல்யாணப் படத்தை எந்த நம்பரில் சேர்ப்பது? "அவங்களுக்கே குடுத்துடுங்க" என்றார் அந்தக் கணவர். "எனக்கு வேணாம், அவருக்கே குடுங்க" என்றார் அந்தம்மா. அதைப் பார்க்காமல் இருப்பதில் மட்டும் இருவருக்கும் அவ்வளவு ஒற்றுமை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழு, முகமே அழிந்து போனவை. நம்பர் தெரியாததெல்லாம் ஒரே கூட்டமாகத்தான் சேரும் என்றீர்களே, சேர்ந்தது. போன வருடம் மகனைப் பறிகொடுத்த எதிர்வீட்டம்மா அந்த வாளியின் முன் உட்கார்ந்து, கோடுபோட்ட சட்டை மட்டும் மிஞ்சிய படத்தை எடுத்து, "இது அவன் சட்டைதான் சார்" என்றார். பிறகு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். நானும் மறைந்த உங்கள் அத்தையின் தோள் என்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

மகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். இருவரும் ஒரே வீட்டு எண்ணில் நெடுங்காலம் வாழ என் ஆசி.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: இதை எழுதி முடித்த பிறகு காவலாளி வந்து சொன்னார், முகம் அழிந்தவை நம்முடையவையே இல்லையாம். பக்கத்துக் கட்டடத்தின் பெட்டிகளும் அதே நிலவறையில் இருந்தனவாம், அவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். எதிர்வீட்டம்மா மட்டும், "யாரோட சட்டையா இருந்தாலும் பரவாயில்ல சார், விட்டுடுங்க" என்றார். எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்று அவர்களிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு குறைகிறது, மாப்பிள்ளை.