சந்துக்குள் போன கோடு

நகராட்சி வரைவாளரின் காலை டீ ஆறிப்போய்க் கிடந்தது. மேஜையில் விரித்திருந்த புதிய வார்டு வரைபடத்தில் அவருடைய மனைவியும் அக்காவும் ஒரே வார்டுக்குள் இருந்தார்கள்.

மனைவி மூன்றாம் வார்டு கவுன்சிலர். அக்கா நான்காம் வார்டு கவுன்சிலர். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு சந்து. ஆளுக்கொரு வார்டு இருந்தவரை குடும்பம் அமைதியாக ஓடியது. இப்போது இரண்டு வீடும் மூன்றாம் வார்டில். வசிக்கும் வார்டில்தான் நிற்க முடியும் என்பது விதி.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, நானும் உங்க அக்காவும் எதிரெதிரா நின்னா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"

"அது ரகசியம்மா."

"வீட்டுக்கு வாங்க, ரகசியத்தைப் பேசிக்கலாம்."

வைத்த கையோடு அக்கா. "டேய், உன்னை இடுப்புல தூக்கிச் சுமந்தவ நான். கோடு போடறப்ப ஞாபகம் வச்சுக்க."

மதியம் ஒரு மணிக்குள் வரைபடம் அதிகாரியின் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகைக்குப் போயாக வேண்டும். வார்டுக்குச் சரியாக ஆயிரத்து இருநூறு வாக்காளர்கள். கோடு தெருவோடுதான் போக வேண்டும்.

"சந்தும் தெருதான்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கோட்டைச் சந்துக்குள் நுழைத்தார். அக்கா வீடு நான்காம் வார்டுக்குப் போனது. பின்னாலிருந்த அடுக்குமாடியும் கூடவே போய்விட்டது. மூன்றில் தொண்ணூறு பேர் குறைவு, நான்கில் தொண்ணூறு பேர் கூடுதல்.

நான்கிலிருந்து சந்தைச் சுமைதூக்குவோர் குடியிருப்பைப் பிடுங்கி, துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு இருந்த ஏழில் போட்டார். நூற்றைம்பது பேர். ஏழு உப்பிவிட்டது. உப்பலைக் குறைக்க ஏழிலிருந்த ஆசிரியர் தெருவை, அதுவும் நூற்றைம்பது பேர், மூன்றுக்குத் தள்ளினார். இப்போது மூன்றில் அறுபது கூடுதல், நான்கில் அறுபது குறைவு. ரப்பர் தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது.

டீக்காரம்மா மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கியபடி இரண்டாவது டீயை வைத்தார். வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் அறுபது பேர் இடிக்குதும்மா" என்றார் வரைவாளர் பாவமாக.

"மூணுல எங்க மில் குடியிருப்பு சரியா அறுபது பேர் சார்."

அவருக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. மில் குடியிருப்பை ஏழுக்கு அனுப்பி, ஏழிலிருந்த வங்கி ஊழியர் தெருவை, அதுவும் அறுபது பேர், நான்குக்குக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தார். மூன்று வார்டும் ஆயிரத்து இருநூறு, ஒரு ஆள் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நிச்சயமா இப்படியேதானா சார்?" என்று டீக்காரம்மா ஒரு மாதிரியாகக் கேட்டார்.

"கடவுளே வந்தாலும் மாத்தமாட்டேன்."

அதிகாரி கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு மணிக்கு வரைபடம் பலகையில் தொங்கியது. வரைவாளர் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார். குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதருக்கு வரும் பசி அது.

நான்கு மணிக்கு டீக்காரம்மா வந்தார். கையில் டீ இல்லை. ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது.

"ஏழாம் வார்டுல நான் நிக்கிறேன் சார். மில்லு, சந்தை, துப்புரவுன்னு எங்களை மூணு வார்டாப் பிச்சுப் போட்டு வச்சிருந்தாங்க. எங்கயும் நாங்க கொசுறுதான். ஒரே காலையில ஒண்ணு சேர்த்துட்டீங்க."

வரைவாளருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். "தாராளமா நில்லுங்க. எங்க வீட்டுல ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தா எனக்கு அது போதும்."

"சண்டையா? உங்க வீட்டம்மா போன தடவை ஜெயிச்சது மில் குடியிருப்பு ஓட்டுல, அக்கா ஜெயிச்சது சுமைதூக்கறவங்க ஓட்டுல. இப்ப ரெண்டு பேரும் கீழ ஒரே பெஞ்சுல உக்காந்து, ஒரு டீயை ரெண்டாப் பிரிச்சுக் குடிச்சிட்டு, உங்களைக் கொஞ்சம் வரச் சொன்னாங்க சார்."