ஜமால் காக்கா கடையில் என் உயிர்கள்

பிடிவாதமும் புத்தியும் என்னிடம் ஒரே நாளில் வேலைக்கு வந்ததே இல்லை. ஒன்று வந்தால் மற்றது லீவு போட்டுவிடும். ரங்கூனில் நான் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் பிடிவாதம் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வந்துகொண்டிருந்தது.

ரங்கூன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் சாயப்பட்டறைக்காரர்கள் சிலர் தண்ணீருக்காக பூமியைத் துளைத்துக்கொண்டே போக, கடைசியில் கை வைக்க முடியாத வெந்நீர் பீறிட்டது. அவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நான் துள்ளிக் குதித்தேன். வெளிச்சமும் காற்றும் எட்டாத ஆழத்து வெந்நீரில், கந்தகத்தை வைத்தே பிழைத்துக் கிடக்கும் நுண்ணுயிர்கள் உண்டு என்று படித்திருந்தேன். அதுதான் என் ஆராய்ச்சி என்று எல்லாரிடமும் சொல்லியும் விட்டேன்.

என் பேராசிரியை (பர்மிய வழக்கில் ‘சயாமா’ என்போம்) நிதானமானவர். “திங்கட்கிழமைக்குள் அதில் உயிர் இருக்கிறது என்று காட்டு. இல்லாவிட்டால் எல்லாரையும் போல ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்” என்றார். ஆகாயத்தாமரை! எனக்கு முன்னால் படித்தவர்கள் அதை வேரோடு பிய்த்துப் பார்த்து முடித்திருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த உயிர்களுக்கு நாள் முழுக்கச் சூடு வேண்டும். ரங்கூனில் மின்சாரமோ விருந்தாளி மாதிரி எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஆய்வகத்தின் சூட்டுப்பெட்டி ஆறிப்போய், அந்த வெந்நீரை அடைத்து முதலில் வைத்த பாட்டில்களில் ஓர் அசைவும் இல்லை. வீட்டு அடுப்பைக் கேட்டேன். அம்மா கரண்டியைக் காட்டினார். அணையாத நெருப்பு தேடி எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட் முழுக்க அலைந்தேன். அது எங்கள் மாடி வீட்டுக்கு நேர் கீழேயே இருந்தது, ஜமால் காக்காவின் டீக்கடையில். (காயல்பட்டினத்துக்காரர்களுக்கு அண்ணன் என்றால் காக்கா. எங்கள் தெருவுக்கே அவர் காக்கா.)

அடுப்போரத்தில் கோப்பை கழுவ ஒரு வெந்நீர் அண்டா. கடை மூடினாலும் அடியில் கரி கனன்றுகொண்டே இருக்கும்.

“காக்கா, இதுல ரெண்டு பாட்டில் கட்டித் தொங்க விட்டுக்கவா?”

“உள்ள என்ன புள்ள?”

“ஒண்ணுமில்ல காக்கா. தண்ணிதான்.”

“தண்ணிக்குள்ள தண்ணியா? படிக்கிற புள்ளைங்க எதையாவது செய்வீங்க. தொங்க விடு.”

வெள்ளிக்கிழமை தொங்கவிட்டேன். காற்றுப் புகாமல் இருக்க ரப்பர் மூடியை என் முழு பலத்தோடு அமுக்கியிருந்தேன். உள்ளே இருப்பவை வளர்ந்தால் வாயு விடும், வாயுவுக்குப் போக வழி வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழவேயில்லை. (புத்தி லீவு.)

ஞாயிறு காலை. கடையில் உட்கார இடமில்லை. நான் குட்டி முக்காலியில் வெப்பமானியோடு காவல் இருந்தேன். அண்டாவுக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஆவியோடு ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், ஊரிலுள்ள கூமுட்டை எல்லாம் ஒன்றுகூடி மாநாடு போட்ட மாதிரி!

“நாண்டே! நாண்டே!” (நாறுகிறது என்பதற்குப் பர்மியச் சொல்) என்று ஆட்கள் லொங்ஜிக் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். காக்கா முட்டைத் தட்டுகளை மோந்து பார்த்தார். அந்த நாற்றத்தில் எதை மோந்தால்தான் என்ன? “யா அல்லா, எல்லாம் கெட்டுப்போச்சே!” என்று தட்டுத் தட்டாகச் சாக்கடையில் கவிழ்த்தார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான் சந்தோஷத்தில் முக்காலி மேல் ஏறிவிட்டேன். நாற்றம் வந்தால் வாயு வந்திருக்கிறது, வாயு வந்தால் வளர்ந்திருக்கிறது!

“காக்கா! முட்டை இல்ல! அது என் உயிரு! உயிரு காக்கா!”

மாடி ஜன்னலில் அம்மா நின்றிருந்தார். தெருவில் பாதிப் பேர் பார்க்க, மூன்று பிள்ளை பெற்ற ஜமால் காக்காவைப் பார்த்து அம்மா பெற்ற மகள் ‘என் உயிரு’ என்று கத்துகிறாள். அம்மா எப்படிப் படியிறங்கினார் என்று தெரியாது. செருப்பில்லாமல் வந்து நின்றார்.

“இறங்குடி கீழ! என்னடி சொன்ன அவரப் பாத்து?”

“அம்மா, பாட்டிலுக்குள்ள உயிரு இருக்கும்மா!”

“பேய்கீய் புடிச்சு வச்சிருக்கியா?”

காக்கா அண்டாவை எட்டிப் பார்த்து, இடுக்கியால் இன்னொரு பாட்டிலைத் தூக்கினார். “செல்வி, இது வெடிக்கிறதுக்குள்ள நீயும் இதுவும் என் கடைய விட்டுப் போயிரணும். போற வழியில எதுவும் பேசாத.”

ஒற்றைப் பாட்டில்தான் மிச்சம். வாயகன்ற ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி அதற்குள் இறக்கி, மார்போடு கட்டிப்பிடித்தபடி நெரிசல் பஸ்ஸில் நின்றே சயாமா வீட்டுக்குப் போனேன். இன்னொரு ‘டப்’ கேட்டால் பஸ்ஸோடு சேர்த்து என் படிப்பும் காலி. அப்படியும் இறங்கித் திரும்பும் யோசனை மட்டும் வரவில்லை.

சயாமா மூடியைச் சற்றே நெகிழ்த்தினார். உடனே அமுக்கினார். எழுந்து வீட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்தார்.

“நாளை நுண்ணோக்கியில் பார்ப்போம்” என்றார், மூக்கைப் பொத்தியபடி. “ஆனால் செத்தது எதுவும் இவ்வளவு வேகமாக வேலை செய்யாது.”

மறுநாள் கண்ணாடித் தகட்டில் குச்சி குச்சியாக அவை தெரிந்தன. ஆகாயத்தாமரை தப்பித்தது. காக்காவுக்கு முட்டை வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகப் போனது அம்மாதான். அதற்காக அவர் என்னைச் சும்மா விடவில்லை.

பல வருஷம் கழித்து, கல்யாணமான புதிதில் என் கணவர் மாமியார் மனதைக் குளிரவைக்க, நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழம் ஒன்றைப் பெரிதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு படியேறினார். வாசம் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விட்டது. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஏண்டி, உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க போல. பாயப் போடு!”

பாவம், அவர் பழத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் திரும்பி, படியில் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.